வில்லோ மரத்துக் கழலை ஈக்கள்: இனம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கிளையாக நிற்கும் வில்லோ மரத்தின் குச்சி நுனியில், பைன் கூம்பு போன்ற ஒன்று சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். வில்லோவுக்குக் கூம்பு காய்க்காது. அந்தக் கூம்பை மரத்தைக் கொண்டே கட்டவைத்தது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் ஈயின் புழு. அந்த ஈயையும் அதன் உறவினங்களையும் எப்படி அடையாளம் காண்பது, எதையெதை ஒரே இனமாகக் கொள்வது, எந்தப் பெயரால் அழைப்பது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

கழலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பூச்சியோ, சிலந்திப்பேனோ, பூஞ்சையோ தூண்டிவிட, செடி தன் சொந்தத் திசுவைக் கொண்டே வளர்த்துக்கொடுக்கும் புடைப்பைத்தான் கழலை என்கிறேன். மாசிக்காய் என்று நாம் சொல்வதும் உண்மையில் காய் அல்ல. ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி உண்டாக்கும் கழலை அது. வில்லோவில் அந்த வேலையைச் செய்பவர்கள் பலர். அவர்களில் ஈக்கள்தான் இங்கே நம் பேச்சு.

1668-இல் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி, கழலைக்குள் இருக்கும் புழுவைச் செடியின் உயிராற்றலே படைக்கிறது என்று எண்ணினார். அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று சோதனை செய்து காட்டியவரே கழலையில் மட்டும் இப்படித் தடுமாறினார். 1679-இல் மார்செல்லோ மல்பீகி கழலைகளை அறுத்துப் பார்த்து, பூச்சி இடும் முட்டைதான் தொடக்கம் என்று நிறுவினார்.

இந்த ஈ எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?

செசிடோமையிடே. கிரேக்க மொழியில் கழலைக்கும் ஈக்கும் உரிய சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர்; கழலை ஈ என்று தமிழில் சொன்னால் அதே பொருள்தான். நெற்பயிரில் வெங்காயத்தாள் போன்ற குழலை உண்டாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பம். ஆனைக்கொம்பனைத் தெரிந்தவருக்கு இந்தக் குடும்பம் பாதி அறிமுகமாகிவிட்டது: கொசு போல மெலிந்த உடல், நீண்ட கால்கள், மணி கோத்தது போன்ற உணர்கொம்பு, மிகக் குறைந்த நரம்புகளே ஓடும் இறக்கை, சில நாட்களே நீடிக்கும் முதிர்பருவ வாழ்வு.

2021-இல் வெளியான உலகப் பட்டியலில் இக்குடும்பத்துக்கு 6,600-க்கும் அதிகமான இனங்கள் இருந்தன. இன்னும் பெயர் பெறாதவை இதைப் போல் எத்தனையோ மடங்கு.

வில்லோவில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை ராப்டோஃபாகா என்ற பேரினத்தில் வருகின்றன. அதில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வடகோளத்தின் குளிர்ப் பகுதிகளும் மிதவெப்பப் பகுதிகளுமே அவற்றின் வாழிடம். இலையில் கழலை செய்யும் ஐட்டியோமையா என்ற சிறிய பேரினமும் இருக்கிறது. ‘ஐட்டியா’ என்றால் கிரேக்கத்தில் வில்லோ. வில்லோ ஈ என்பதே அந்தப் பெயர்.

கழலையைப் பார்த்தவுடன் உள்ளே ஈயின் புழுதான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பார்த்தவுடன் தெரியாது. பிளந்து பார்க்க வேண்டும்.

வில்லோ இலையில் அவரை விதை அளவில் சிவந்து புடைத்திருப்பது பெரும்பாலும் ரம்பக் குளவியின் வேலை. அதைக் கிள்ளினால் உள்ளே தெளிவான தலையும் கால்களும் கொண்ட, கம்பளிப்புழு போன்ற ஒரு புழு இருக்கும். கூடவே பொடிப்பொடியாக அதன் எச்சம். கழலை ஈயின் புழுவுக்குக் கால் கிடையாது. தலை இருக்கிறது என்று சொல்லவே உருப்பெருக்கி வேண்டும். நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு, சிலவற்றில் இளஞ்சிவப்பு அல்லது வெளிர்மஞ்சள். அது திசுவைக் கடித்து மென்று தின்பதில்லை, சாற்றை உறிஞ்சுகிறது. அதனால் அறை துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். எச்சம் கிடந்தால் ரம்பக் குளவி, அறை சுத்தமாக இருந்து புழு ஆரஞ்சு நிறமாக இருந்தால் ஈ: களத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இது என்னை ஏமாற்றியது அரிது.

இலை முழுவதும் கடுகளவு பருக்கள் நிறைந்திருந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாத, நான்கே கால்கள் உள்ள உயிர் அது.

முதலில் மரத்தின் இனத்தைக் கேட்கிறீர்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கழலை ஈக்கள் கண்ட செடியிலெல்லாம் முட்டையிடுவதில்லை. ஓர் இனத்துக்கு ஒரு வில்லோ, அல்லது நெருங்கிய உறவுள்ள சில வில்லோக்கள். அதிலும் குறிப்பிட்ட ஓர் உறுப்பு. மரம் எது என்று தெரிந்தால் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை கணக்கிலிருந்து விலகிவிடும். உறுப்பும் தெரிந்தால் மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலதான். மரத்தின் பெயர் எழுதாத மாதிரி கைக்கு வந்தால், எவ்வளவு நல்ல நுண்ணோக்கி இருந்தாலும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், வில்லோவை அடையாளம் காண்பதே கடினம். உலகில் ஏறத்தாழ 400 வில்லோ இனங்கள் உண்டு. அவை தமக்குள் தாராளமாகக் கலந்து கலப்பினங்களையும் உண்டாக்குகின்றன. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூங்கதிர் ஒரு பருவத்தில், முதிர்ந்த இலை வேறொரு பருவத்தில். ஆகவே கழலையோடு சேர்த்து அதே மரத்தின் நல்ல இலைகள் பத்து, மொட்டுள்ள குச்சி ஒன்று, கிடைத்தால் பூங்கதிர் ஒன்று ஆகியவற்றைத் தாளில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். கழலை உள்ள கிளையில் இலைகள் உருமாறியிருக்கும். நல்ல இலையை வேறு கிளையிலிருந்து பறிக்க வேண்டும்.

எஃப்ரைம் ஃபெல்ட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கழலை ஈ இனங்களுக்குப் பெயரிட்டார். அசுர உழைப்பு. ஆனால் அவற்றில் பல, எந்தச் செடியில் வளர்ந்தது என்ற குறிப்பே இல்லாமல், பறக்கும்போது பிடித்த ஈக்களை வைத்து விவரிக்கப்பட்டவை. அந்தப் பெயர்களை எந்தக் கழலையோடு பொருத்துவது என்ற தலைவலி இன்றைக்கும் தீரவில்லை.

எந்த உறுப்பில் எந்த இனம் என்று ஒரு வழிகாட்டி கிடைக்குமா?

பரவலாகக் காணப்படுபவற்றைச் சொல்கிறேன். முதல் ஊகத்துக்கு இது உதவும்; முடிவுக்கு இது போதாது.

குச்சியின் நுனியில் இலைகள் நெருங்கி, விரிந்த ரோசாப்பூ போல இருந்தால், ஐரோப்பாவில் முதலில் நினைக்க வேண்டியது ராப்டோஃபாகா ரோசாரியா. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் லோவ் 1850-இல் பெயரிட்டது. குச்சி நீள்வது நின்றுவிட, கணுவிடை சுருங்கி, வரவேண்டிய இலைகளெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் குவிந்துவிடுகின்றன. நடுவில் ஒரே ஒரு புழு. இலையுதிர்காலத்துக்குப் பின்பும் இந்தப் ‘பூ’ பழுப்பேறி மரத்திலேயே நிற்பதால் குளிர்காலத்தில் தூரத்திலிருந்தே தெரியும்.

அதே நுனியில் இலைகள் விரியாமல் ஒன்றையொன்று தழுவி, கதிர்போல் நீண்டு மூடிக்கொண்டிருந்து, உள்ளே ஒன்றுக்குப் பதில் பல புழுக்கள் இருந்தால் அது ராப்டோஃபாகா டெர்மினாலிஸ். இதையும் ரோசாரியாவையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. புழுவை எண்ணினால் குழப்பம் தீரும்.

வட அமெரிக்காவில் நுனியில் பைன் கூம்பு போல இருப்பது ராப்டோஃபாகா ஸ்ட்ரோபிலாய்டீஸ். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். மொட்டு பருத்து நுனியில் அலகுபோல் நீண்டிருந்தால் ராப்டோஃபாகா ரிஜிடே.

தண்டில் வருபவை வேறு கதை. குச்சியே கிழங்குபோல் பருத்து, உள்ளே பல அறைகளில் பல புழுக்கள் இருந்தால் ஐரோப்பாவில் ராப்டோஃபாகா சாலிசிஸ். அமெரிக்காவில் உருளைக்கிழங்கின் பெயரையே தாங்கிய சாலிசிஸ்படாடாஸ். பெரிதாகப் புடைக்காமல், பட்டை வெடித்து உரிந்து, அடியில் மரம் தேன்கூடு போலத் துளைத்துளையாக இருந்தால் ராப்டோஃபாகா சாலிசிபெர்டா. ஈக்கள் வெளியேறிய பிறகு அந்தத் துளைகளில் வெள்ளையாகக் கூட்டுப்புழுத் தோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு தடித்திருந்தால், அதுவும் கூடை முடைய உதவும் நீள இலை வில்லோவில் என்றால், ராப்டோஃபாகா மார்ஜினெம்டார்க்குவென்ஸ். ‘விளிம்பைச் சுருட்டுவது’ என்பதே பெயரின் பொருள். இலைப் பரப்பில் சிறு உருண்டைகளாக, அடிப்புறம் வாய்போல் ஒரு துளையோடு இருந்தால் ஐட்டியோமையா காப்ரியே. அதன் புழு கழலையை விட்டு மண்ணில் விழுந்து குளிர்காலத்தைக் கழிக்கும். ராப்டோஃபாகாவின் பெரும்பாலான இனங்களோ கழலைக்குள்ளேயே தங்கிக் கூட்டுப்புழுவாகின்றன. எங்கே கூட்டுப்புழுவாகிறது என்பதும் இனம் பிரிக்க ஒரு தடயம்.

ஒரு கூம்புக் கழலையை அறுத்தால் என்ன தெரியும்?

குளிர்காலத்தின் கடைசியில் ஒன்றைப் பறித்து, கூரிய பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெளியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் செதில்கள், இலையாக வேண்டியவை; வெள்ளை மயிர் படர்ந்திருக்கும். உள்ளே போகப்போகச் செதில் மெலிந்து ஒடுங்கும். நட்டநடுவில், குச்சியின் வளர்நுனி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சிறு அறை. அதற்குள் காகிதம்போல் மெல்லிய கூட்டில் ஒற்றை ஆரஞ்சுப் புழு.

அடுத்து, செதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள். இடுக்குகளில் வேறு சின்னஞ்சிறு புழுக்கள் இருக்கும். அவையும் கழலை ஈக் குடும்பமாகவே இருக்கலாம், ஆனால் கூம்பைக் கட்டவைத்தவை அவை அல்ல, ஒட்டுக்குடித்தனம் வந்தவை. சில கூம்புகளில் நீண்டு மெலிந்த முட்டைகள் செதிலடியில் செருகியிருக்கும். புல்வெளி வெட்டுக்கிளி ஒன்று பத்திரமான இடம் என்று இட்டுவிட்டுப் போனவை. நடு அறையில் சில சமயம் ஆரஞ்சுப் புழுவுக்குப் பதில் வெள்ளையான வேறொரு புழு இருக்கும்: ஈயின் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. ஒரு குச்சி நுனியில் ஒரு குடியிருப்பே இருக்கிறது.

அந்தப் புழு குளிரை எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் வியப்பு. அலாஸ்காவின் உட்பகுதியில் வில்லோக் கழலைப் பூச்சிகளைச் சோதித்தவர்கள், உடல்நீர் உறையாமலேயே சுமார் −60 டிகிரி செல்சியஸ் வரை அவை தாங்குவதைக் கண்டார்கள். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில், போர்வை எதுவும் இல்லாமல்.

டப்பாவில் வைத்தேன், ஏதோ பறந்து வந்தது. அதுதான் கழலை செய்த ஈயா?

அவசரப்படாதீர்கள். வெளிவந்தது உலோகப் பச்சையாக மினுங்கினால் அது டோரிமஸ் வகைக் குளவி. கறுப்பாக, நுணுக்கமாக இருந்தால் பிளாட்டிகாஸ்டர் வகைக் குளவியாக இருக்கலாம். இரண்டும் ஒட்டுண்ணிகள். வந்தது கழலை ஈதான் என்றாலும், மேலே சொன்ன ஒட்டுக்குடித்தன ஈயாக இருக்க வாய்ப்புண்டு. பழைய விவரிப்புகளில் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. குடிவந்தவரை வீட்டுக்காரர் என்று பதிவு செய்துவிட்டார்கள்.

வழி ஒன்றுதான். கழலையைப் பிளந்து நடு அறையின் புழுவைத் தனியே எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். மற்ற கழலைகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஈ வெளியேறிய பின் எந்தத் துளையில் கூட்டுப்புழுத் தோல் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். நடு அறையிலிருந்து வரும் வழியில் தோல் இருந்தால் அந்த ஈ வீட்டுக்காரர்தான்.

வளர்ப்புக்குக் கழலையைக் குளிர்காலம் முடியும்போது பறிப்பது நல்லது. இலையுதிர்காலத்திலேயே பறித்து வெதுவெதுப்பான அறையில் வைத்தால் புழு தூக்கத்திலிருந்து எழாமலேயே காய்ந்து செத்துப்போகும். குச்சியின் அடியை ஈர மணலில் செருகிவைத்தால் காயாது. நான் தொடக்கத்தில் ஒரு பை நிறையக் கழலைகளை இப்படிக் காயவிட்டு இழந்திருக்கிறேன். ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

புழுவை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

பேரினம் வரை பல நேரம் முடியும். இனம் வரை சில நேரம். மூன்றாம் பருவப் புழுவின், அதாவது முழுதாக வளர்ந்த புழுவின், மார்பின் அடிப்பக்கத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கரண்டி போன்ற தகடு இருக்கும். அதன் முனை இரண்டாகப் பிளந்திருக்கிறதா, காம்பு நீளமா குட்டையா, தகடு சிறுத்துப்போயிருக்கிறதா என்பதெல்லாம் முக்கியம். தகட்டின் இருபுறமும் உள்ள நுண்முளைகளின் எண்ணிக்கையும், உடல் கடைசிக் கண்டத்தின் முளைகளும் அடுத்தவை. ஆரஞ்சுப் புழு எல்லாம் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்; கண்ணாடித் தகட்டில் தெளிவாக்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

முதிர்ந்த ஈயை எப்படித் தயார் செய்வது?

ஊசியில் குத்தி உலர்த்தாதீர்கள். சுருங்கிப்போய் எதற்கும் ஆகாது. 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதம். பின்பு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மென்தசையைக் கரைத்து, இறக்கை, உணர்கொம்பு, வயிற்றின் நுனி ஆகியவற்றைப் பிரித்து, கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். பழக்கமில்லாத கைக்கு முதல் பத்து ஈக்கள் வீணாகும். பொறுமையோடு பதினோராவதைச் செய்யுங்கள்.

பார்க்க வேண்டியவை: இறக்கையின் நீள நரம்பு விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறது, கால் நகத்தில் பல் இருக்கிறதா, உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், பெண் ஈயின் முட்டையிடும் குழல் எவ்வளவு நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் ஈயின் வயிற்று நுனியில் உள்ள இடுக்கி போன்ற பிறப்புறுப்பு. ஆண் கிடைக்காமல் போவதும் உண்டு. இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் ஒரு தாயின் முட்டைகள் எல்லாமே ஆணாகவோ எல்லாமே பெண்ணாகவோ பிறக்கும். பல புழுக்கள் உள்ள ஒரே கழலையிலிருந்து வளர்த்தால் ஒரு பால் மட்டுமே கிடைக்கலாம். வெவ்வேறு மரக்கிளைகளிலிருந்து பறியுங்கள்.

ஒரே ஈக்கு மூன்று பேரினப் பெயர்களைப் பார்க்கிறேன். எது சரி?

பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. ராப்டோஃபாகாவுக்கு மிக நெருங்கிய பேரினம் டாசினியூரா. எதிலும் பொருந்தாதவற்றையெல்லாம் போட்டுவைக்கும் பரண்போல அது பெருத்துவிட்டது. இலை விளிம்பைச் சுருட்டும் இனம் நீண்டகாலம் டாசினியூராவில் இருந்தது. பல ஆய்வுகள் அந்தப் பெயரிலேயே வெளிவந்தன. இன்று அது ராப்டோஃபாகாவில். அலகுக் கழலையை உண்டாக்கும் ரிஜிடே, கோதுமையைத் தாக்கும் ஈயின் பேரினமான மயெட்டியோலாவில் வைக்கப்பட்டிருந்தது. தேடும்போது பழைய பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதித் தகவல் கிடைக்காது. இனப்பெயரின் இரண்டாம் சொல் பெரும்பாலும் மாறாமல் நிற்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் குழப்பமும் உண்டு. 1847-இல் ஆங்கிலப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் ராப்டோஃபாகா பேரினத்துக்குப் பெயரிட்டபோது கிரேக்க முறைப்படி ரோமன் எழுத்தில் வரவேண்டிய ஓர் ‘எச்’ எழுத்தை விட்டுவிட்டார். பின்னால் வந்த பலர் அதைத் ‘திருத்தி’ எழுதினார்கள். விதிப்படி முதலில் எழுதியதே செல்லும். ‘குச்சி தின்னி’ என்பது பொருள்.

கழலையை மட்டும் பார்த்துப் புது இனத்துக்குப் பெயரிடலாமா?

இன்று கூடாது. விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, வாழும் ஒரு விலங்கின் வேலைப்பாட்டை மட்டும் வைத்து இட்ட பெயர் 1931-க்கு முன் வெளியாகியிருந்தால் செல்லும். அதன் பிறகு வந்தது செல்லாது. இப்போது பூச்சியையே விவரித்தாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெயரிட்டவர்கள் கழலையின் தோற்றத்தையே பெயராக்கினார்கள். முட்டைக்கோஸ் போன்றது, உருளைக்கிழங்கு போன்றது, கூம்பு போன்றது, மரு போன்றது. கேட்டவுடன் காட்சி கண்முன் வரும் பெயர்கள். எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் இரண்டு வெவ்வேறு ஈக்கள் ஒரே மாதிரி முட்டைக்கோஸ் கட்டினால் அந்தப் பெயர் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அந்த விவரிப்பில் பதில் இருக்காது.

இரண்டு வில்லோக்களில் ஒரே வடிவக் கழலை. ஒரே இனமா, இரண்டா?

1864-இல் பெஞ்சமின் வால்ஷ் இந்தக் கேள்வியோடுதான் போராடினார். இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குடியேறியவர். வில்லோக் கழலைகளைப் பறித்துப் பறித்து வளர்த்து, எதிலிருந்து எது வருகிறது என்று பதிவு செய்தார். தோற்றத்தில் பிரித்துச் சொல்ல முடியாத ஈக்கள் வெவ்வேறு வில்லோக்களில் வெவ்வேறு கழலைகளை உண்டாக்குவதைக் கண்டார். ஓர் இனம் புதுச் செடிக்கு மாறி, அந்தச் செடியிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கி, காலப்போக்கில் தனி இனமாகப் பிரியலாம் என்று எழுதினார். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் அவர். செடி மாறுவதால் இனம் பிரிவது பற்றி இன்று நடக்கும் பெரிய விவாதத்துக்கு இந்த வில்லோக் கழலைகளும் ஒரு தொடக்கம் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நடைமுறைப் பதில்: வடிவம் ஒன்று என்பதற்காக ஒரே இனம் என்று எழுதாதீர்கள். இரண்டு மரத்திலிருந்தும் புழு, கூட்டுப்புழு, ஆண் ஈ மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஈக்கள் வெளிவரும் நாட்களையும் குறியுங்கள். சில நாட்களே வாழும் ஈக்கள் இரண்டு வாரம் முன்பின்னாக வெளிவந்தால் அவை ஒன்றையொன்று சந்திக்கவே போவதில்லை.

மாறாக, ஓர் இனம் இரண்டு வகைக் கழலை செய்யுமா?

செய்யும். ராப்டோஃபாகா ஹெட்டிரோபியா வசந்தத்தில் ஆண் பூங்கதிரில் வளர்ந்து அதை மயிரடர்ந்த கட்டியாக வீங்கச் செய்கிறது. அதன் அடுத்த தலைமுறை வெளிவரும்போது பூங்கதிர் முடிந்திருக்கும். அது மொட்டில் முட்டையிட, இலைக்கொத்து உண்டாகிறது. வசந்தத்தில் மட்டும் பார்த்தவர் ஒரு பெயரும், கோடையில் மட்டும் பார்த்தவர் வேறு பெயரும் இட்டுவிட எவ்வளவு வாய்ப்பு! ஒரே மரத்தை ஆண்டு முழுவதும் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

பெரிதும் உதவும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து ஒப்பிடுவது இன்று வழக்கம். புழுவும் ஈயும் ஒரே இனமா என்பதை இதைப் போல் விரைவாகச் சொல்லும் வழி வேறில்லை. கனடாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளை இப்படிப் படித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, கழலை ஈக் குடும்பத்தில் மட்டும் அந்நாட்டில் சுமார் 16,000 இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. உலகம் முழுவதற்கும் பெயருள்ளவை 6,600 சொச்சம் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் சோதனை தருவது எழுத்து வரிசை. அதற்கு 1850-இல் லோவ் இட்ட பெயரைச் சூட்டலாமா என்பதை அந்த வரிசை சொல்லாது. அதே மரத்தில், அதே உறுப்பில், அதே நாட்டுப் பகுதியில் புதிதாகப் பறித்து வளர்த்து, பழைய விவரிப்போடு பொருத்தித்தான் முடிவுக்கு வர முடியும். தரவுத்தளத்தில் யாரோ தவறாகப் பெயரிட்டுப் பதிந்த வரிசையோடு உங்களுடையது நூறு சதவீதம் ஒத்துப்போனால், தவறுதான் நூறு சதவீதம் பரவும்.

படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

கழலையின் படம், மரத்தின் நல்ல இலையின் படம், பிளந்த கழலையின் படம் மூன்றும் இருந்தால் ‘அநேகமாக இது’ என்று சொல்ல முடியும். கழலை மட்டும் என்றால் ‘ராப்டோஃபாகா, இனம் தெரியவில்லை’ என்றுதான் எழுதுவேன். அப்படி எழுதுவதில் குறை எதுவும் இல்லை. பின்னால் வருபவர் அதைத் திருத்த இடம் இருக்கிறது. ஊகித்து எழுதிய பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

இந்தக் கழலைகளால் மரம் சாகுமா?

பொதுவாக இல்லை. நுனி மொட்டு நின்றுபோவதால் குச்சி பக்கவாட்டில் கிளைக்கும், அவ்வளவுதான். நேரான, கிளைக்காத குச்சி தேவைப்படும் கூடை வில்லோத் தோட்டங்களிலும் எரிபொருளுக்காக வளர்க்கும் தோட்டங்களிலும் டெர்மினாலிஸ், ஹெட்டிரோபியா, சாலிசிபெர்டா ஆகியவை இழப்பு உண்டாக்கும். சாலிசிபெர்டா மட்டும் குச்சியைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் அதற்கு மேல் உள்ள பகுதி காயலாம். அந்தக் குச்சியை ஈ வெளிவருமுன், குளிர்காலத்திலேயே வெட்டி அகற்றுவார்கள்.

மாதிரியோடு என்னவெல்லாம் எழுதிவைக்க வேண்டும்?

பென்சிலால், எத்தனால் அழிக்காத தாளில், புட்டிக்குள்ளேயே. ஒரு புட்டிச் சீட்டு இப்படி இருக்கட்டும்: வில்லோவின் இனம், அல்லது ‘இனம் தெரியாது, இலை மாதிரி எண் 14’, உறுப்பு: நுனி மொட்டு, கழலையில் அறை ஒன்று, புழு ஒன்று, ஆரஞ்சு, பறித்த இடமும் நாளும், புழு கழலையிலேயே இருந்ததா, மண்ணுக்குப் போனதா, ஈ வெளிவந்த நாள், அதே கழலையிலிருந்து வந்த மற்றவை எந்தப் புட்டியில். பிளந்த கழலையின் ஒரு பாதியைத் தூக்கி எறியாமல் உலர்த்தி, அதே எண்ணிட்டு வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து யாரேனும் அந்த ஈயை மறுபடி பார்க்கும்போது, அது கட்டவைத்த வீடும் பக்கத்தில் இருக்க வேண்டும்.